மயிலுக்குக் கொடுத்த வெயில்

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் நாரணாபுரத்தில் சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறேன். புதுச் சரக்கு கண்டுபிடிப்பதில் என்னை அடிக்க இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. (என் மனைவி செல்வக்கனி இதைப் படித்தால் சிரிப்பாள். சிரிக்கட்டும்.)

சில வருஷங்களுக்கு முன் 'வான மயில்' கண்டுபிடித்தேன். பற்றவைத்தால் பச்சையும் நீலமுமாகத் தோகை விரியும்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கைதேர்ந்த ஆட்கள், நல்ல அட்டை எல்லாம் மயிலுக்கு. கடைசியில், சரக்கு காயப்போடும் மேடை முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

அதுவரை எங்களுக்குச் சோறு போட்டது தரைச் சக்கரம். பசை தடவிச் சுருட்டுகிற சரக்கு. நன்றாகக் காய்ந்தால்தான் சுற்றும். அதை நிழலில் ஒதுக்கினேன்.

"ஏங்க, மயிலுக்குக் காஞ்ச மருந்துதான அடைக்கோம்? அதுக்கு எதுக்கு அம்புட்டு வெயிலு? சக்கரம் ஈரமாக் கெடக்கு" என்றாள் செல்வக்கனி.

"விருதுநகர் வியாபாரிக வாராக. உள்ள நுழைஞ்சதும் மயிலுதான் கண்ணுல படணும். ஒனக்கு இதெல்லாம் புரியாது."

அவர்களுடைய ஆர்டர் கிடைக்காவிட்டால் சீசன் முடியுமுன்பே கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான். எங்களிடம் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் தீபாவளி போயிற்று.

வியாபாரிகள் வந்தார்கள். பொழுது சாய, வெடித்துக் காட்டும் பொட்டலுக்குப் போனோம். மயிலைக் கையில் எடுத்தேன்.

"இருங்க. மொதல்ல ஓடுற சரக்கு, பெறகுதான் புதுசு" என்றார் அவர்களில் பெரியவர். எங்கள் பக்கத்து வழக்கம் அது. மயில் மயக்கத்தில் நான்தான் மறந்து தொலைத்திருந்தேன்!

முதல் சக்கரம் அரைச் சுற்று சுற்றிப் படுத்துக்கொண்டது. இரண்டாவது அசையவே இல்லை. மூன்றாவது புகைந்தது, புகைந்தது, புகைந்துகொண்டே இருந்தது.

"அண்ணாச்சி, இது சக்கரமா, சாம்பிராணியா? இதையே ஒழுங்காச் செய்யல, புதுசை எப்பிடி நம்ப?" என்ற பெரியவர் காரைப் பார்த்து நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே.

"மயிலைப் பாத்துட்டுப் போங்க!" என்று கத்திக்கொண்டே பற்றவைத்தேன். அடடா, என்ன தோகை! என்ன நிறம்! பனை உயரத்துக்கு ஆடியது. பார்த்தது எங்கள் வாட்ச்மேன் ஒருவர்தான். மற்ற எல்லாருடைய முதுகும் எனக்குத் தெரிந்தது.

செல்வக்கனி ஓடிப்போய்க் காரை மறித்தாள். "அண்ணாச்சி, ஒரு வாரம் பொறுங்க. மேடை பூராம் சக்கரத்துக்குக் குடுத்துருதேன். அப்பயும் சுத்தலைன்னா, இந்தா நிக்காரே, இவரைச் சுத்த விடுதேன்!"

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

அடுத்த வாரம் சக்கரம் சுற்றியது. ஆர்டரும் வந்தது. (கூடவே மயிலும் விற்றது. இதை வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள், நானே சொல்லிவிடுகிறேன்.) மேடையில் எதற்கு எவ்வளவு இடம் என்பது அன்றிலிருந்து செல்வக்கனியின் இலாகா.

இப்போதும் என் வெள்ளை வேட்டிகள் மொட்டைமாடிக் கொடி முழுவதையும் பிடித்துக்கொண்டால், நேற்று வந்த மருமகள்கூடத் துணி வாளியோடு நின்று குரல் கொடுக்கிறாள்:

"மாமா, மயிலைக் கொஞ்சம் நகத்துங்க. சக்கரம் காயணும்!"