தேவசித்தம் அறியும் கமிட்டியும் ஓர் ஆட்டுத்தோலும்

ஆண்டவருடைய சித்தம் இந்தப் பூமியில் எங்கே மிகத் தெளிவாகத் தெரிகிறது என்று யாராவது என்னைக் கேட்டால், கொஞ்சமும் கூச்சப்படாமல் கள்ளக்குறிச்சி என்று சொல்வேன். எருசலேம்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் அவர்களிடம் கமிட்டி இருக்கிறதா? எங்கள் சபையில் இருக்கிறது. 'தேவசித்தம் அறியும் கமிட்டி' என்று பெயர். தலைவர், தாலுகா ஆபீசில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற ஆதிமூலம் ஐயா. பொருளாளர், அரிசி மில் சுப்புராயன். செயலாளர், அடியேன். போதகரும் ஓர் உறுப்பினர்தான். கூட்டத்தைத் தொடங்கி வைக்கவும் முடித்து வைக்கவும் ஜெபம் பண்ண ஒருவர் வேண்டுமே.

மற்ற சபைகளில் தேவசித்தம் அறிய என்ன பாடு படுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். உபவாசம் இருக்கிறார்கள், அழுகிறார்கள், மாதக் கணக்கில் முழங்காலில் நிற்கிறார்கள். கால விரயம், முழங்கால் விரயம். நாங்கள் வேதத்திலிருந்தே ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்தோம். பழைய ஏற்பாட்டுக் காலத்தில் ஒருவரை ஆண்டவர் போருக்குப் போகச் சொன்னார். அவருக்குச் சந்தேகம். களத்தில் மயிருள்ள ஆட்டுத்தோல் ஒன்றைப் போட்டு வைத்தார். விடியும்போது சுற்றிலும் தரை காய்ந்து, தோல் மட்டும் பனியில் நனைந்திருந்தால் போக வேண்டும் என்பது அடையாளம். நாங்கள் இதை நிர்வாக வசதிக்காகச் சற்று எளிமைப்படுத்தினோம். நனைந்தால் 'ஆம்', காய்ந்தால் 'இல்லை'. தரையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருக்கும் கவுஸ் பாஷாவிடம் தோல் வாங்கப் போனோம். கறி வேண்டாம், தோல் மட்டும் போதும் என்றதும் அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். எதற்கு என்று சொன்னதும் இன்னும் ஒரு மாதிரிப் பார்த்தார். எங்களுக்கெல்லாம் இந்த வசதி இல்லீங்க என்று சொல்லி, நல்ல தோலாக ஒன்றைப் பதப்படுத்திக் கொடுத்தார். அதைப் போதகர் குடியிருக்கும் குருமனையின் மொட்டை மாடியில் விரிப்பது, விடிந்ததும் போய்த் தொட்டுப் பார்ப்பது, தீர்மானம் எழுதுவது என்று கமிட்டியின் பணி மளமளவென்று நடந்தது.

பலன்கள் அபாரம். சுப்புராயன் சங்கராபுரம் சாலையில் மனை வாங்கலாமா என்று மார்கழியில் கேட்டோம். தோல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆதிமூலம் ஐயாவின் மகன் சென்னைக்கு மாற்றலாகிப் போகலாமா என்பதை ஐப்பசியில் கேட்டோம். அன்று அடைமழை. தோலைப் பிழிந்து எடுக்க வேண்டியிருந்தது. ஆசீர்வாதம் ஜாஸ்தி என்று ஐயா கண் கலங்கினார். வருஷக் கணக்காகக் கோயிலைப் பெருக்கி வரும் சாலம்மாளைக் கமிட்டியில் சேர்க்கலாமா என்ற மனு கத்தரி வெயிலில்தான் பரிசீலனைக்கு வந்தது. தோல் அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. ஆண்டவர் விரும்பவில்லை, நாங்கள் என்ன செய்ய முடியும்? எந்த மனுவை எந்த மாதத்தில் எடுப்பது என்று நாங்கள் திட்டம் போட்டதேயில்லை. அதுவாகவே அப்படி அமைந்தது.

இவ்வளவு சீராக நடந்துவந்த கமிட்டிக்கு முதல் சோதனை என் வீட்டிலிருந்தே வந்தது. என் மகள் கமலா நர்சிங் படித்தவள். எனக்கு ஒரே பிள்ளை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒரு வரன் வந்திருந்தது. முந்தைய மார்கழியிலேயே கமிட்டி கேட்டு, ஆண்டவரும் நனைத்து அனுமதி கொடுத்திருந்தார். இந்த நிலையில் அவள் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள்.

மலை என்றால் கல்வராயன் மலை. வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஊரில் எங்கள் சபை ஒரு சின்ன ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறது. கமிட்டியார் பெயர்களெல்லாம் பொறித்த கல் ஒன்று அதன் சுவரில் இருக்கிறது. கல் வைத்த நாளிலிருந்து பூட்டுதான். நர்ஸ் யாரும் கிடைக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் காய்ச்சல்காரர்களைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு அந்தக் கல்லைத் தாண்டித்தான் கீழே இறங்குகிறார்கள். அங்கே தன்னை ஆண்டவர் அழைப்பதாகக் கமலா சொன்னாள். அழைப்பு வந்திருந்தால் செயலாளராகிய எனக்குத் தெரியாமல் இருக்குமா? முறைப்படி மனுக் கொடு என்றேன். கொடுத்தாள். சித்திரையில் பரிசீலித்தோம். தோல் கரகரவென்று காய்ந்திருந்தது. எனக்கு அன்று வயிறு நிறையச் சாப்பிட முடிந்தது. பெற்றவன் இல்லையா?

கமலா அதோடு விடவில்லை. கமிட்டி முன்னால் வந்து நின்றாள்.

"பனி பெய்யற மாசத்துல மஸ்கட்ட கேக்கறீங்க. வெயிலு காயற மாசத்துல மலைய கேக்கறீங்க. போறது மலைக்குன்னா, தோல அங்க எடுத்துக்கினு போய் போடுங்க ஐயா" என்றாள்.

மலை கமிட்டியின் எல்லைக்குள் வருமா என்ற கேள்வி எழுந்தது. தாலுகா ஆபீஸ் அனுபவமுள்ள ஆதிமூலம் ஐயா இதை எல்லாக் கோணங்களிலும் ஆராய்ந்தார். ஆராய்ந்து முடிக்கக் கார்த்திகை ஆகிவிட்டது. மஸ்கட் மாப்பிள்ளை கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிறார், முடிவு சொல்லுங்கள் என்று அவர்கள் வீட்டில் நெருக்கினார்கள். சரி, ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று கமிட்டி ஜீப் பிடித்து, கமலாவையும் ஏற்றிக்கொண்டு மலையேறியது. பாதி வழியில்தான் சுப்புராயன் என் காதில், கார்த்திகை மலைப்பனியில் எது போட்டாலும் நனைந்து தொலைக்குமே என்றார். அதற்கும் அவரே வழி சொன்னார். வெளியே போட்டால் நரி தூக்கிப் போய்விடும் என்ற 'பாதுகாப்புக் காரணம்' காட்டி, ஆஸ்பத்திரி வராந்தாவில், கூரைக்கு அடியில் நட்ட நடுவில் தோலை விரித்தோம். பனி உள்ளே வர வழியே இல்லை. ஆண்டவர் சுதந்திரமாக முடிவெடுக்கட்டும் என்று சொல்லி, மப்ளரைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் போய்ப் படுத்தோம்.

விடியற்காலையில் வராந்தாவில் பேச்சுக் குரல் கேட்டது. ஆஸ்பத்திரிப் பூட்டு திறந்திருப்பதைப் பார்த்து, குஞ்சம்மாள் என்கிற மலைக்காரப் பெண் காய்ச்சல்காரக் கைப்பிள்ளையோடு வந்திருந்தாள். கமலா முன்னமே எழுந்து பிள்ளைக்கு ஈரத்துணி ஒற்றி, மருந்து புகட்டிக்கொண்டிருந்தாள். சிமெண்டுத் தரை ஜில்லிட்டதால் பிள்ளையைத் தோல்மேல் கிடத்தியிருந்தாள்.

ஆதிமூலம் ஐயா பதறிப்போய்ப் பிள்ளையைத் தூக்கச் சொன்னார். தோலைத் தொட்டார். கையை உதறிக்கொண்டார். தோல் முழுக்க நனைந்திருந்தது. சுற்றிலும் தரை பொட்டு ஈரமில்லை.

போதகர் அப்படியே முழங்காலில் விழுந்தார். "தரை காஞ்சிகினு இருக்கு, தோலு மட்டும் நனைஞ்சி இருக்கு. வேதத்துல இருக்கறது இருக்கறபடியே நடந்திருக்குங்க" என்றார். ஜெபம் தவிர அவர் வேறெதுவும் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான்.

"கொழந்த மூத்திரம் பேஞ்சிடுச்சிங்க. நா அலசிக் குடுத்துடறேன்" என்றாள் குஞ்சம்மாள்.

கமிட்டி அங்கேயே அவசரக் கூட்டம் கூடியது. இந்த ஈரம் செல்லுமா என்பதே பொருள். ஈரம் வானத்திலிருந்து வர வேண்டும், இது வரக்கூடாத இடத்திலிருந்து வந்திருக்கிறது என்றார் ஐயா. விதியில் ஈரம் என்றுதானே இருக்கிறது, இன்ன இடத்திலிருந்து என்று இல்லையே என்றார் போதகர். பிள்ளை சபையின் ஞானஸ்நானம் பெற்றதா என்று சுப்புராயன் விசாரித்தார். பெறவில்லை. அப்படியானால் அதன் ஈரத்துக்கு வாக்குரிமை கிடையாது என்று முடிவாயிற்று. 'ஈரம் பெறப்பட்டது, ஆனால் உரிய வழியாகப் பெறப்படவில்லை, எனவே மனு நிராகரிக்கப்படுகிறது' என்று நானே தீர்மானம் எழுதினேன்.

அதை வாசித்துக் காட்ட மகளிடம் போனேன். அவள் நிமிரவில்லை.

"நா தோலப் பாக்கலப்பா. புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது, அதப் பாத்துக்கினு இருக்கேன். நீங்க கெளம்புங்க, ஜீப்புக்காரரு காத்துகினு இருக்காரு" என்றாள்.

வூட்டுக்கு வாம்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தப் பிள்ளை என் மகளின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. செயலாளர் என்ற முறையில் நான் தீர்மானத்தை வாசித்திருக்க வேண்டும். அப்பன் என்ற முறையில் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்தேன் என்பதைக் கமிட்டியார் பெருந்தன்மையாகக் கவனிக்காமல் இருந்தார்கள்.

மஸ்கட் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பெண் அமைந்துவிட்டது. கமலா மலையிலேயே இருக்கிறாள். என் மனைவி பஸ் பிடித்து அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். ஒருத்தியாகச் சமாளிக்க முடியவில்லை, இன்னொரு நர்ஸ் வந்தால் நன்றாக இருக்கும், மருந்து வாங்கிப்போட்டுக் கணக்குப் பார்க்க ஓர் ஆண்பிள்ளையும் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று கமலா போன வாரம் அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆதிமூலம் ஐயாவின் பேத்தி நர்ஸ்தான். சுப்புராயனின் மருமகளும் நர்ஸ்தான். வேலையிலிருந்து ஓய்வுபெற்றுச் சும்மா இருக்கும் ஆண்பிள்ளை ஒருவரையும் நான் நன்றாக அறிவேன். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

நாங்கள் கமிட்டியில் இதைப் பற்றிப் பேசவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நெடுநேரம் பேசினோம். கல்வராயன் மலை விஷயத்தில் மட்டும் ஆண்டவரிடம் எதுவும் கேட்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அவருடைய சித்தம் தெரியாததாலா? தெரியும். கேட்டுவிட்டால் அப்புறம் போக வேண்டியிருக்குமே.