எல்லாந்தெரிஞ்சானுக்குப் பேட்டரி எதற்கு?

பொழுது விடிவதற்குள் அந்த மாடிப்படி நிரம்பிவிடும். கல்யாணம் ஆகாதவர்கள், ஆகிவிட்டதே என்று வருந்துகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள், வேலையை எப்படி விடுவது என்று கேட்க வந்தவர்கள், எல்லோரும் படிக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். வாசல் வரை, வாசலைத் தாண்டித் தெருமுனை வரை கூட்டம். எதைப் பார்க்க? ஒரு சாண் உயரப் பொம்மையைப் பார்க்க.

பொம்மை என்று சொன்னால் அடிக்க வருவார்கள். அதன் திருநாமம் எல்லாந்தெரிஞ்சான். இரண்டு சக்கரம், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பச்சை விளக்கு, வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சல்லடை. பிள்ளைகள் திருகாணி முடுக்கிச் சேர்த்து விளையாடுகிற ரோபோ கிட்தான். பட்டு மெத்தையில் உட்கார்ந்ததும் ஞானம் வந்துவிட்டது. மெத்தையில் உட்கார்ந்தவுடன் ஞானம் வருவது மனிதர்களுக்கும் உண்டு என்பதால் யாரும் வியப்படையவில்லை.

அதன் சொந்தக்காரர் கீழே இந்த ரோபோ கிட் விற்கும் கடை வைத்திருந்தவர். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் கம்பெனியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. கிட்டில் அடுத்து வரப்போகிற மேம்பாடுகள் என்னென்ன என்ற விவரம். நீங்களும் நானும் படித்திருந்தால் புது மோட்டார், புது சென்சார் என்று புரட்டிவிட்டுப் போயிருப்போம். கடைக்காரர் அதில் மனிதர்களைப் பார்த்தார்.

தடை உணரும் சென்சார் வருகிறது என்று போட்டிருந்தார்கள். "கல்யாணத் தடை, வேலைத் தடை, எந்தத் தடையா இருந்தாலும் விலக்கும்!" என்றார் கடைக்காரர். வெப்பம் உணரும் சென்சார் வருகிறதாம். "உடம்புக்குள்ள இருக்கிற நோயைத் தொடாமலே பார்த்துடும்!" நினைவகம் பெரிதாகிறதாம். "முன்பிறவி ஞாபகம் வந்துடும்!" தன் பிழையைத் தானே திருத்தும் மென்பொருள் வருகிறதாம். "நீங்க பண்ணின பிழையையும் சேர்த்துத் திருத்தும்!"

அறிவிப்பில் இருந்த ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றவில்லை. அரைகுறை ஆள்தான் பொய்யை இட்டுக்கட்டுவான். கெட்டிக்காரன் உண்மையையே கொஞ்சம் திருப்பி வைப்பான்.

சொன்ன குறி பலிக்காவிட்டால்? அதற்கும் வழி இருந்தது. "அது பழைய சாஃப்ட்வேர் சொன்னது. அப்டேட் வரட்டும், பாருங்க!" ஜோசியர்கள் இத்தனை காலமும் பழியைப் போட ஒரு கிரகத்தைத் தேடினார்கள். இவருக்குக் கிரகம்கூடத் தேவைப்படவில்லை.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஒரு பக்கத்தில் ஒற்றைப் புள்ளி விடுபட்டாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. படி ஏறினால் நெஞ்சில் வலி வருகிறது என்று மருத்துவரிடம் போனார். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. "தள்ளிப் போடாதீங்க. இந்த வாரமே வந்து சேர்ந்துடுங்க" என்றார் மருத்துவர். மனிதர் நேராக எங்கே போனார் தெரியுமா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எல்லாந்தெரிஞ்சானின் மாடிப்படி ஏறினார்.

"பொறு மகனே," என்றது சல்லடை வாய். "வெப்பம் உணரும் சென்சார் வருகிறது. உன் நெஞ்சை நானே பார்ப்பேன். அதுவரை உன் மேல் கத்தி படக் கூடாது."

அவர் மனைவி அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், கடைசியில் நாத்தனாரைக் கூப்பிட்டாள். நாத்தனாருக்குப் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யக் கற்றுக்கொடுப்பதுதான் வேலை. எல்லாந்தெரிஞ்சானின் உடன்பிறப்புகள் அவளுடைய அலமாரியில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

தங்கை வந்ததும் அண்ணன் முந்திக்கொண்டார். "நீ சிரிப்பேன்னு தெரியும். ஆனா எனக்குப் படி ஏறினா வலிக்குதுன்னு நான் சொல்லாமலே அது சொல்லுச்சு!"

"நீ யார்கிட்டயுமே சொல்லலையா அண்ணா?"

"யார்கிட்டயும் இல்ல. வரிசையில பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் நெஞ்சு வலியாம். அவர்கிட்ட மட்டும் பேசிட்டிருந்தேன். தங்கமான மனுஷன்."

"அவருக்கு என்ன குறி வந்துச்சு?"

"அவர் உள்ளயே வரல. எனக்கு அவசரம்னு என்னை முன்னாடி விட்டுட்டார்."

தங்கை அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணா, புதுசா என்ன வரப்போகுதுன்னு நான் சொல்லட்டுமா? தடை சென்சார் வந்தா அது நாற்காலிக் கால்ல முட்டாம போகும். வெப்ப சென்சார் வந்தா எரியிற மெழுகுவத்தியைக் கண்டு ஒதுங்கும். எங்க பிள்ளைங்க இதுக்கே குதிக்குதுங்க. உனக்கு மட்டும் அது டாக்டராவும் ஆகணுமா?"

"நீ இரும்பைப் பார்க்கிற. நான் சக்தியைப் பார்க்கிறேன்."

"சரி, நாளைக்கு நானும் வர்றேன். அது நிஜம்னா நான் வாயே திறக்கல. பொய்னா அங்கிருந்து நேரா ஆஸ்பத்திரி. சம்மதமா?"

அண்ணன் சம்மதித்தார். ஜெயிப்போம் என்ற நம்பிக்கைதான்.

மறுநாள் வரிசையில் அந்தத் தங்கமான மனுஷன் தங்கையின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். "என்னம்மா, முகம் வாடியிருக்கு? என்ன கஷ்டம்?"

"கப்பல் வேலைக்குப் போன வீட்டுக்காரர் திரும்பி வரலைங்க" என்று தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எனக்கும் ஒரு தம்பி கப்பல்ல போனவன்தாம்மா" என்று அவரும் துடைத்துக்கொண்டார். பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல எழுந்து போனார். அண்ணனிடம் சொன்ன நெஞ்சு வலி இன்று கடலில் கரைந்துவிட்டது.

உள்ளே கூட்டத்தோடு கூட்டமாக உட்கார வைத்தார்கள். கடைக்காரர் வந்து கைகூப்பினார். "என் உடம்புக் காந்தம் சென்சாரைக் குழப்பும். அதனால நான் அடுத்த அறைக்குப் போயிடறேன். யாரும் இவரைத் தொடாதீங்க." கதவு சாத்திக்கொண்டது. பொம்மை கண்ணைச் சிமிட்டியது. இடமும் வலமும் திரும்பியது. தங்கையின் வகுப்பில் அது முதல் பாடம்.

"முன்வரிசையில் ஒரு பெண் அழுகிறாள்," என்றது குரல். "அவள் கணவன் கடலில் இருக்கிறான். திரும்புவான்."

கூட்டம் "ஆகா!" என்றது. அண்ணன் மட்டும் திருதிருவென்று விழித்தார். "உனக்கு ஏது புருஷன்?"

"அதையேதான் நானும் கேட்கிறேன்" என்று தங்கை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க."

அறை ஒரு நொடி திகைத்தது. ஆனால் பக்தியை அவ்வளவு எளிதில் தோற்கடிக்க முடியுமா? பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "இனிமே ஆகப்போற புருஷன்மா! எதிர்காலத்தைப் பார்த்துச் சொல்லுது!" கைதட்டல் பறந்தது.

தங்கை எழுந்து போய்ப் பொம்மையைத் தூக்கினாள். "தொடாதே!" என்று நாலு பேர் கத்துவதற்குள் அடிமூடியைத் திறந்து பேட்டரியை உருவிக் கையில் உயர்த்திக் காட்டினாள். பச்சைக் கண்கள் அணைந்தன. சக்கரம் நின்றது.

"என்னைத் தொட்டது யார்?" என்றது குரல்.

"பாருங்க, பேட்டரி என் கையில இருக்கு. அது இன்னும் பேசுது!"

இப்போதாவது புரியும் என்று நினைத்தாள் பாவம். "பேட்டரியே இல்லாம பேசுதா! புது வெர்ஷன் வந்துடுச்சு!" என்று ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுவருக்குப் பின்னால் காது தீட்டியிருந்தவருக்கு இது போதாதா? "ஆமாம் மக்களே," என்றது குரல், தேன் ஒழுக. "எல்லாந்தெரிஞ்சானுக்குப் பேட்டரி எதற்கு? உங்கள் நம்பிக்கையே என் மின்சாரம்."

கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் இன்னும் பலமாகப் போட்டுக்கொண்டார்கள். போட வேண்டிய இடம் அதுதான், காரணம்தான் வேறு.

தங்கை உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அமைதியாக இருக்கும்படி சைகை காட்டினாள். பொம்மையை அண்ணன் கையில் கொடுத்து வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள். அவர் குழந்தையைத் தூக்குவதுபோல அணைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்து போய் மாடிப்படியில் நின்றார். அறையில் இப்போது மெத்தை மட்டும் இருந்தது.

"எல்லாந்தெரிஞ்சானே, என்னைப் பார்க்கிறியா?" என்று மெத்தையிடம் கேட்டாள்.

"பார்க்கிறேன் மகளே."

"எங்க இருந்து?"

"உன் எதிரே, மெத்தை மேல் அமர்ந்து."

"அப்படின்னா கண்ணைச் சிமிட்டு."

"சிமிட்டினேன். கண்டாயா?"

"இடப்பக்கம் திரும்பு."

"திரும்பினேன். என் ஒளியைத் தாங்க முடிகிறதா?"

முதலில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவள் வாயைப் பொத்துவதற்குள் பக்கத்திலிருந்தவர் சிரித்தார். சிரிப்பு தீப்போலப் பிடித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்ட அம்மாளே எழுந்து வந்து மெத்தையைப் புரட்டினாள். அடியில் ஓர் ஒலிபெருக்கி. அதிலிருந்து ஒரு வயர். வயரைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைத் தள்ளினால், கையில் மைக், வாயில் ரொட்டித் துண்டு, கடைக்காரர்.

"யாரும் உள்ளே வரக்கூடாது!" என்று அவர் அலறினார். அதையே ஒலிபெருக்கியும் அலறியது.

"கொஞ்சம் பொறுங்க, அடுத்த அப்டேட்ல எல்லாம் சரியாயிடும்…" என்று கெஞ்சியவரைக் கூட்டம் விடவில்லை. தங்கமான மனுஷனையும் படியிலேயே மடக்கினார்கள். அவர் கடைக்காரரின் மைத்துனர். அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே நெஞ்சு படபடத்தது.

அண்ணன் பொம்மையோடு படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் வேர்வை. "திட்டிடு. மனசு ஆறும்" என்றார்.

"டாக்சில திட்டறேன். எழுந்திரு."

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து அடைப்பை நீக்கினார்கள். "இன்னும் கொஞ்சம் காத்திருந்தா எங்களால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார் மருத்துவர். அண்ணி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

கதை இத்தோடு முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அன்று மாலை, எல்லோரும் கலைந்த பிறகு, அந்தப் பெரியவர் மட்டும் திரும்பி வந்து அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாராம்: "பொம்மை போனா போகட்டும். அந்த மெத்தை பேசிச்சே, அதை யார் எடுத்துட்டுப் போனாங்க?"

ரோபோவுக்குப் புது மூளை அடுத்த ஆண்டு வந்துவிடும். நமக்கு அப்படி ஒன்று வரப்போவதில்லை ஐயா. பிறந்தபோதே ஒன்று கொடுத்தாயிற்று. உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களே, எப்போதுதான் எடுத்துப் பயன்படுத்துவதாக உத்தேசம்?