கண்ணைத்தான் மூடியிருந்தார்

அப்பாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, கூடத்து மின்விசிறியைத் துடைத்தது. மகள் ஏணி மேல். அப்பா ஏணியைப் பிடித்தபடி கீழே. பாதி துடைப்பதற்குள் கீழிருந்து உறுமல். ஏணி ஆடியது.

“அப்பா! தூங்கறீங்களா?”

“யாரு, நானா? கண்ணைத்தான் மூடியிருந்தேன். தூசி விழுதில்ல!”

வாசகரே, குறட்டையே விடாதவர் என்னும் இனம் இதுதான். பேருந்தில் பக்கத்து ஆளின் தோளில், முடிவெட்டும் நாற்காலியில், தானே கூட்டிய கூட்டத்தில், வாயைப் பிளந்து முழங்கி, நடுவில் மூச்சு நின்று, எல்லோரும் பதறி எழுந்த பிறகு, திடுக்கிட்டு விழித்து, “நீங்க மேல சொல்லுங்க” என்பார். அம்மா அடுத்த அறைக்குப் படுக்கையை மாற்றியது ஏன்? அவளுக்கு ஃபேன் காற்று ஆகாதாம். செல்போனில் பதிவு செய்து காட்டினால்? “இது மிக்சி சத்தம்மா.”

மகள் பொறியாளர். குழாய், காற்றோட்டம், இதுதான் தொழில்.

“குழாய் குறுகினா சத்தம் வரும்ப்பா. மூடிக்கிட்டா காத்தே நின்னுடும்.”

“நான் என்ன பம்பாம்மா?”

முகமூடி வைத்த மூச்சுக் கருவி வந்தது. “யானை மாதிரி இருக்கேன்” என்று பரணுக்கு ஏற்றினார். கடைசியில் தாடை மருத்துவர். கீழ்த்தாடை உள்ளடங்கியிருக்கிறது, தூங்கும்போது நாக்கு மூச்சுவழியை அடைக்கிறது. முதலில் கம்பி போட்டுப் பல்லை வரிசைப்படுத்துவோம், பிறகு இரு தாடைகளையும் வெட்டி முன்னே நகர்த்துவோம், வழி திறக்கும் என்றார். அப்பா தலையாட்டினார். பல் அச்சும் கொடுத்தார். கம்பி மட்டும் வேண்டாம், இப்போதைக்கு.

“ரிட்டயர் ஆகறப்போ குரூப் போட்டோ எடுப்பாங்க. பல்லுல கம்பியோட சிரிக்கச் சொல்றியா? அது முடியட்டும்.”

முடிந்தது. படத்தில் அலுவலகமே சிரிக்கிறது. நடுநாற்காலியில் மாலையோடு அப்பா மட்டும் வாய் பிளந்து தூங்குகிறார். பல்லில் கம்பி இல்லை, அதுவரை ஜெயம்தான்.

அடுத்த வாரம், மதியத் தூக்கத்தில் அந்த மூச்சு நின்றது. வழக்கம்போலத் திரும்ப வந்துவிடும் என்று அம்மா அடுத்த அறையில் காத்திருந்தாள்.

நீங்கள் இந்த இனமில்லை, தெரியும். இதைப் படிக்கும்போது நடுவில் இரண்டு வரி விட்டுப்போயிருந்தால், கண்ணைத்தான் மூடியிருப்பீர்கள். எதற்கும் அடுத்த அறையில் படுப்பவரை ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

நேற்று பல் மருத்துவமனையிலிருந்து மகளுக்குப் போன்.

“சாரோட கம்பி ரெடியா இருக்கு மேடம். போட்டோ முடிஞ்சதும் வரேன்னாரே, முடிஞ்சிடுச்சா?”