அம்பு போடாத அண்ணாச்சி

ஒரகடம் தொழிற்பேட்டையில் யார் பேச்சையும் கேட்காத இளவட்டங்களை, வாயே திறக்காமல் வரிசையில் நடக்க வைத்த ஒரே மனிதர் எங்கள் டேப் அண்ணாச்சிதான். சூப்பர்வைசர் கத்திச் சாதிக்காததை அவர் ஒரு மஞ்சள் டேப்பை ஒட்டிச் சாதித்தார். அதில் அவருக்குத் துளியும் சந்தோஷமில்லை என்பதுதான் விஷயம்.

கம்பெனித் தரைகளில் கோடு போடுவது அவர் வேலை. மஞ்சள் கோட்டுக்குள் நடக்கணும். சிவப்புக் கட்டத்தில் ரிஜெக்ட் ஆன சாமான். பச்சைக் கட்டத்தில் நல்ல சாமான். கறுப்பும் மஞ்சளும் சேர்ந்து வந்தால் ஆபத்து, கிட்டே போகாதே. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது, இருபது வயசுப் பையன்கள் நிறைந்த எங்கள் ஹாஸ்டலில் ஒரே பெரியவர். சொந்தப் பெயர் என்னவென்று நான் கடைசிவரை கேட்கவே இல்லை.

ஒருநாள் யாரோ அவர் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டில் ஒரு ரயில், பெட்டி முழுக்க ஸ்ப்ரே பெயின்ட்டில் கோணலும் வளைவுமாக எழுதிய கிராஃபிட்டி. அதோடு மனுஷன் காலி.

"எழுத்துதாம்ல. ஆனா ஒரு எழுத்தும் வாசிக்க முடியல. அதுக்காவண்டியே எம்புட்டு நேரம் பாத்துட்டு இருந்தேன் தெரியுமா?" என்றார்.

அன்றிலிருந்து வேலையில் மிஞ்சிய துண்டு டேப்பெல்லாம் ஹாஸ்டலுக்கு வந்தது. சுவரிலும் தரையிலும் சாய்ந்த சதுரங்கள், ஒன்றையொன்று கடிக்கும் முக்கோணங்கள். ஒரு பெயரை எழுதி மாடிப்படியில் உருட்டிவிட்டது போல இருக்கும். அவர் அதைப் படம் என்றார். எங்கள் பையன்கள் அதைக் கம்பெனி உத்தரவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

மொட்டை மாடியில் அவர் ஆசை ஆசையாய்ப் போட்ட சிவப்புச் சதுரத்துக்குள் சாயங்காலமே ஓட்டை வாளி, ஒற்றைச் செருப்பு, புகைந்துபோன மிக்ஸி எல்லாம் வந்துவிட்டன. மறுநாள் மெஸ் உப்புமாவைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தார்கள். நடையில் அவர் கோணல்மாணலாக இழுத்த மஞ்சள் கோடுகள் இன்னும் மோசம். நைட் ஷிஃப்ட் முடிந்து அரைத்தூக்கத்தில் வருகிறவன், வாளியும் கையுமாகக் கோட்டுக்குள்ளேயே வளைந்து வளைந்து குளியலறைக்குப் போவான். நானே போயிருக்கிறேன்.

வீட்டுக்காரர் பிள்ளைப்பாக்கத்தில் நிலத்தை விற்று இந்த ஹாஸ்டலைக் கட்டியவர். ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாகவும் இருந்தார். சத்தம் போடத்தான் வந்தார்.

"இன்னாபா இது, வூடா கம்பெனியா? செவுத்த நாசம் பண்ணி வச்சிகிறே."

சொன்னதெல்லாம் சரி, வாசலில் அண்ணாச்சி ஒட்டியிருந்த கறுப்பு மஞ்சள் பட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு அடி கூட வைக்காமல், வெளியே நின்றேதான் திட்டிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி நொந்துபோனார். "ஏல, சொன்னபடி கேக்கவா சொன்னேன்? சும்மா ஒரு நிமிசம் நின்னு பாருங்கலே."

நின்று பார்த்தவன் ஒருவன்தான். சுடலை. நாங்குநேரிப் பையன், அண்ணாச்சியின் அறையில் இருந்தவன். முறுக்கைக் கடித்துக்கொண்டு சுவருக்குக் கீழே மல்லாந்து படுத்திருப்பான். "அண்ணாச்சி, அந்தப் பச்ச கொஞ்சம் தள்ளி இருந்தா மூச்சு விடுமே" என்பான். அண்ணாச்சி ஸ்டூலைப் போட்டு ஏறி, உரித்துத் தள்ளி ஒட்டுவார். அப்போது அவர் முகத்தைப் பார்க்கணும்.

அந்தச் சுடலையைத்தான் ஒரு கண்டெய்னர் லாரி அடித்துக் கொன்றது. பட்டப்பகல். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் எதிர்ப்பக்கம் இறங்கி, ரோட்டு நடுச்சுவரில் இருக்கும் இடைவெளி வழியாக ஹாஸ்டலுக்குக் கடந்து வந்தான். அந்த இடத்தில் ஒரு கோடு கிடையாது, ஒரு பலகை கிடையாது. கம்பெனிக்குள் ஒரு ஸ்க்ரூ விழுகிற இடத்துக்குக்கூடக் கட்டம் போட்டு வைத்திருப்பவர்களுக்கு, வாசலைத் தாண்டினால் மனுஷன் நடக்க ஒரு கோடு போடத் தோன்றவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அண்ணாச்சி வேலைக்குப் போகவில்லை. சுவரிலிருந்த எல்லாவற்றையும் உரித்துப் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி பஸ் ஓடாத உச்சிவெயிலில், வேலையில் மிச்சமிருந்த தரை பெயின்ட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனார். நாங்கள் இரண்டு பக்கமும் சிவப்புத் துண்டைக் காட்டி வண்டிகளை ஒதுக்கினோம். அவர் தாரில் குத்தவைத்து உட்கார்ந்து, விளிம்புக்கு டேப் ஒட்டி, நடுவில் பெயின்ட் அடித்து, ரோட்டின் முழு அகலத்துக்கும் முக்கோணமும் சதுரமுமாகப் போட்டுக்கொண்டே போனார்.

"அண்ணாச்சி, 'மெதுவாகச் செல்லவும்'னு எழுதிரலாமே. இல்ல ஒரு அம்பாவது போடுங்க" என்றேன்.

"அம்பு போட்டா டிரைவர் அவன்பாட்டுக்குப் போயிருவான். எழுதுனா வாசிச்சுட்டுப் போயிருவான். இது என்னன்னு அவனுக்கு வெளங்கக் கூடாதுல."

முதலில் வந்த லாரி தூரத்திலேயே தயங்கியது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "இன்னாபா இது, எங்க போறதுன்னே தெர்லயே."

"மெதுவாப் போங்க, வெளங்கும்" என்றார் அண்ணாச்சி.

அதற்குப் பிறகு அங்கே எல்லா வண்டியும் குழம்பி, மெதுவாகப் போனது. அழிக்கவும் யாரும் வரவில்லை. போலீஸ்காரர் அதை ரோடு போடுகிறவர்கள் போட்டதாக நினைத்தார். ரோடு போடுகிறவர்கள் கம்பெனி போட்டதாக நினைத்தார்கள். கம்பெனியில் போலீஸ் போட்டது என்றார்கள். நாங்கள் சிரித்தோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

மகனின் பெட்டியை வாங்கிப் போக சுடலையின் அம்மா வந்தார். பஸ் ஏற அந்த இடத்தைத்தான் கடக்கணும். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி முன்னே நடந்தார். இரண்டு பக்கமும் லாரிகள் நின்றன. அந்த அம்மா நடுரோட்டில் நின்று, காலுக்குக் கீழே இருந்ததை வெகுநேரம் பார்த்தார்.

"யாருய்யா போட்டது?"

நான் அண்ணாச்சியைக் காட்டினேன்.

"முந்தியே போட்டிருக்கக் கூடாதாய்யா?"

அவர் குறையாகச் சொல்லவில்லை, ஆற்றாமையில் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவர்கள் எத்தனையோ பேர். தலையில் பெட்டியோடு நின்று அழுதவர் அண்ணாச்சி.

மழைக்காலம் முடிந்ததும் ஓசூரில் வேலை என்று போனார். போன் நம்பரும் மாறிவிட்டது. அந்த ரோட்டில் புதுத் தார் போட்டுவிட்டார்கள், வண்டிகள் பறக்கின்றன. படப்பை பஸ்ஸில் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் என் வலது கால் தானாக ஒரு பிரேக்கைத் தேடி மிதிக்கிறது. எங்கள் அண்ணாச்சி இப்போது எந்தத் தரையில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரோ, அந்தப் பக்கம் வருகிறவர்கள் கொஞ்சம் மெதுவாக வாருங்கள்.