எட்டை ஒன்பதாக்கிய சனிக்கிழமை

எனக்கு எண் சாத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. எட்டாம் நம்பரைக் கண்டால் மட்டும் கொஞ்சம் ஆகாது. இந்த இரண்டும் எப்படி ஒரே மண்டைக்குள் இருக்கும் என்று கேட்பவர்கள் என்னை வந்து பார்க்கலாம். தாராளமாக இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னக் கணினிக் கடையில் வேலை. முதலாளி சிவபாலன் யாழ்ப்பாணக் குடும்பத்துக்காரர், அளந்துதான் பேசுவார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்கும் கடிதம் எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. தேவகியின் அப்பா, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், "கன்ஃபர்ம் லெட்டர் வரட்டும் தம்பி, அப்புறம் மத்தத பேசலாம்" என்று சொல்லியிருந்தார். மத்தது என்றால் எங்கள் கல்யாணம்.

அந்த நேரம் பார்த்துக் கிள்ளானிலிருந்து ஒரு வேலை வந்தது. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனி. கீழே லோரிப் பிரிவு, மாடியில் பத்திரப் பிரிவு. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒயர், ஆனால் ஒரு பிரிவின் கணினி மற்றதை எட்டிப் பார்க்கக் கூடாது. அதற்கென்று கடையில் விற்கும் பெட்டி யானை விலை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு ஓசியிலேயே செய்துவிடலாம் என்றேன். (எனக்கு லினக்ஸ் தெரியும் என்று சொல்ல ஆள் கிடைக்காமல் தவித்த காலம் அது.)

"சனிக்கிழமை வேலையை முடிச்சுக் குடும். திங்கள் கடிதம் அடிப்பம்" என்றார் சிவபாலன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒயரில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மேலும், கண்டெய்னருக்குப் போடுவது போல ஒரு நம்பர் போட வேண்டும். கீழே என் லினக்ஸிலும் மாடியில் இருக்கும் சுவிட்சிலும் அதே நம்பர் இருக்க வேண்டும். (விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை, கணினி ஒயர்களையெல்லாம் ஒன்றுசேர்க்கும் பெட்டி.) நம்பர் பொருந்தவில்லை என்றால் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் கடாசிவிடும். ஏன் என்று சொல்லாது.

மாடியில் நாலு கணினி, கீழே எட்டு. அதையே நம்பராக வைத்து, பத்திரம் 4, லோரி 8 என்று சிவபாலன் தன் கைப்பட எழுதி, எனக்கு ஒரு தாளும் மாடிக்கு ஒரு தாளும் கொடுத்தார்.

காலையில் போய் உட்கார்ந்தேன். நாலைத் தட்டினேன். எட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கிழமையோ சனி. நம்பரோ சனீஸ்வரனுடையது. நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது என் கல்யாணம். என் அம்மா எட்டில் முடிகிற டாக்சியில்கூட ஏற மாட்டார். ஒன்பது என்று தட்டினேன். மாடிக்கு ஏறி சுவிட்சிலும் ஒன்பதாக்கினேன். தாளில் மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும், லினக்ஸ் தெரிந்தவன் வெளியே சொல்லும் காரணமா அது?

சோதித்துப் பார்த்தேன், இரண்டு பிரிவும் ஜம்மென்று ஓடின. நிம்மதியாக ஒரு தே தாரேக் டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது இரண்டு பிரிவும் செத்துக் கிடந்தன. அனுமதிச் சீட்டு அச்சாகவில்லை. சீட்டு இல்லாமல் துறைமுக வாசலில் லோரியை விடமாட்டார்கள். வெளியே லோரிகள் வரிசையாக நிற்க ஆரம்பித்தன. கேரி தீவிலிருந்து வரும் முனியாண்டி அண்ணன் மட்டும் உள்ளே வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி, கப்பல் எனக்காக நிக்காது லா."

மாடிக்குப் போன் போட்டேன். மாடிப் பொறுப்பு வோங் அங்கிள். ஏர்கோனிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை அங்கே எல்லாம் அவர்தான். கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் நன்றாக வரும். மேலே எல்லாம் சரியா என்று கேட்டேன். சரி, செக் பண்ணியாச்சு, ரூமையும் பூட்டியாச்சு என்றார். இருவருமே நம்பரை வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு என் காரணம். அவருக்கும் ஒன்று இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒயரை மாற்றினேன். ஒயர் செருகும் கார்டை மாற்றினேன். பிறகு லினக்ஸின் அடிமடியிலேயே கை வைத்து, அதை முழுவதும் மறுபடி கட்டத் தொடங்கினேன். ஒன்றரை மணி நேரம் திரையில் எழுத்து ஓடியது. நானும் ஏதோ புரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். முனியாண்டி அண்ணன் நகரவே இல்லை.

மத்தியானம் சிவபாலனே வந்துவிட்டார். தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"தாளிலை எட்டெண்டு கிடக்கு. இதென்ன ஒன்பது?"

சொன்னேன். சனிக்கிழமை, சனீஸ்வரன், அம்மா, டாக்சி எல்லாவற்றையும் சொன்னேன். முனியாண்டி அண்ணன் மட்டும் "எட்டு ஆகாதுதான் சார்" என்று எனக்காக ஒரு வார்த்தை பேசினார். சிவபாலன் மாடி ஏறினார்.

மாடியில் சுவிட்சைத் திறந்து பார்த்தால், என் ஒன்பது மறுபடி எட்டாகியிருந்தது. அது மட்டுமில்லை, நாலு மூன்றாகியிருந்தது. எட்டு எவ்வளவு ராசியான நம்பர், எந்த மடையன் ஒன்பதாக்கினான் என்று வோங் அங்கிளுக்கு என் மேல் கோபம். நாலு என்றால் சீனர்களுக்குச் சாவு, அவர்கள் மொழியில் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். லிப்டில்கூட நாலாம் மாடிக்கு மூணு ஏ என்றுதானே போடுகிறோம்?

"மூணு ஏ போட்டுப் பாத்தேன், மெஷின் வாங்கல" என்றார். "அதான் மூணு."

சிவபாலன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே உட்கார்ந்து மேலே நாலைத் தட்டினார், கீழே வந்து எட்டைத் தட்டினார். அச்சு இயந்திரம் உடனே சீட்டைத் துப்ப ஆரம்பித்தது. ஆனாலும் இரண்டு லோரிகள் கப்பலைத் தவறவிட்டன. ஒன்று முனியாண்டி அண்ணனுடையது. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

திங்கட்கிழமை சொன்னபடி கடிதம் வந்தது. என் தகுதிகாண் காலம் நீட்டிக்கப்பட்டிருந்தது, எட்டு மாதத்துக்கு. நான் கடிதத்திலிருந்து தலையைத் தூக்கினேன்.

"வேணுமெண்டால் சொல்லும்" என்றார் சிவபாலன். "ஒன்பதாக்கி விடுறன்."

எட்டு மாதம் கழித்துத்தான் தேவகியின் அப்பா மத்தது பேசினார். கல்யாணமும் ஆயிற்று. அதன் பிறகு வீட்டில் டிவி வரவில்லையா, அடுப்பு பற்றவில்லையா, தேவகி முதலில் என்னிடம்தான் வருவாள். ஏதாவது நம்பரை மாற்றினீர்களா என்பாள். இப்போது பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

கிள்ளானில் வீடு வாங்கப் போனபோது தேவகிக்கு முதல் வீடே பிடித்துவிட்டது. நல்ல காற்று, பக்கத்தில் காய்கறிப் பாசார். நான் வாசல் கேட்டைப் பார்த்தபடி நின்றேன். எட்டாம் நம்பர்.

"எனக்கு இந்த வீடுதான்" என்றாள். "நம்பர மாத்த மாட்டேன்னா நீங்களும் வரலாம்."