மரபணு சித்தரின் மஞ்சள் தட்டு

முடிச்சூரில் மழை விட்ட மறுநாளே மரபணு சித்தர் வந்து இறங்கிவிட்டார். கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் முகாம். வாசலில் ஆள் உயரத்துக்குப் பேனர்: "உங்கள் குழந்தையின் சளிக் கிருமி எந்த அவதாரம்? கைக்குட்டை போதும்! கண்டுபிடித்துத் தாயத்துக் கட்டுவோம்!" பெருங்களத்தூர் வரைக்கும் ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தினார்கள். ஜனம் திரண்டுவிட்டது.

சித்தர் ரொம்ப நவீனமானவர். காவி வேட்டிக்கு மேல் வெள்ளைக் கோட்டு. சளி துடைத்த கைக்குட்டையை மஞ்சள் தண்ணீர்த் தட்டில் முக்குவார்; தட்டு சிவந்தால் கிருமி புது அவதாரம் எடுத்துவிட்டதாம். போன வருஷத் தாயத்துக்கு இந்த வருஷம் சளி நிற்கவில்லையே என்று யாராவது கேட்டால் கோபமே வராது. "கிருமி மரபணுவை மாத்திக்கிச்சு தாயே. தாயத்தை அப்டேட் பண்ணணும்" என்பார். அப்டேட் அறுநூறு ரூபாய். செல்போனுக்கே உண்டு, தாயத்துக்கு இருக்கக் கூடாதா என்று படித்தவர்களே தலையாட்டினார்கள்.

தீபலட்சுமி வரிசையில் நின்றாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை ஓவியா. பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த சளி, சின்னதைப் பிடித்து நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் ஊசி குத்துவார்களே என்ற பயம் அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

ஜன்னல் சாத்திய ஏ.சி. மண்டபம். முன்னாலும் பின்னாலும் பிள்ளைகள் இருமித் தள்ளின. கிருமியைக் கட்ட வந்த இடத்தில் கிருமிகள் சாவகாசமாக வீடு மாறிக்கொண்டிருந்தன.

மேல்வீட்டு ஜென்சி தேடிக்கொண்டு ஓடிவந்தாள். ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள்.

"அக்கா, கொழந்தைக்கு நெஞ்சு உள்ள இழுக்குது. ஆஸ்பத்திரிக்கு வா!"

"இரு ஜென்சி. இன்னா அவதாரம்னு தெரிஞ்சிகினு வரேன்."

"வைரஸ் மாறுறது நெஜம்தான். தன்னைத் தானே காப்பி எடுக்கும்போது தப்பு வுடும். சில தப்பு, நம்ம உடம்பு அடையாளம் கண்டுக்காம தப்பிச்சிக்க அதுக்கு உதவும். அதைத் தட்டுல பாக்க முடியாதுக்கா, மெஷின் வேணும். சரி, இந்தா. இப்ப கடையில வாங்கின கைக்குட்டை, கவர்கூட பிரிக்கல. இதைக் குடு. செவந்தா எங்கூட வரணும்."

சித்தர் கைக்குட்டையை வாங்கி விரலால் கசக்கினார். மந்திரம் முணுமுணுத்து மஞ்சள் தண்ணீரில் முக்கினார். தட்டு ரத்தமாகச் சிவந்தது.

"புது அவதாரம்! ரொம்ப உக்கிரம்!"

"சாமி, அது புதுத் துணி. ஒரு மூக்கும் அதைத் தொடல" என்றாள் ஜென்சி.

"வித்தவனுக்குச் சளி!" என்றார் சித்தர், கண்ணை இமைக்காமல். கூட்டம் ஆமாம் என்றது. இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு எதைத்தான் நிரூபிப்பது!

தீபலட்சுமி மட்டும் தட்டையே பார்த்தாள். போன புதன்கிழமை, நாத்தனார் சீமந்தத்துக்கு இதே மண்டபத்தில் அவள் கையாலேயே கரைத்த நிறம். சட்டென்று சித்தரின் கையைப் பிடித்துத் திருப்பினாள். நகக்கண்ணில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. அதைச் சுரண்டி அடுத்த தட்டில் போட்டாள். கைக்குட்டையும் இல்லை, மந்திரமும் இல்லை. செக்கச்செவேல்.

"அடப்பாவி, இது ஆரத்திடா! வூட்டுக்கு வூடு நாம கரைக்கிறது!"

ஆளுக்கு நூறு ஆரத்தி கரைத்த பெண்கள் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் செருப்பைத் தேடினார்கள். சித்தர் சமையல்கட்டு வழியாகப் பறந்தார்.

அந்த வேடிக்கையைப் பார்க்கத் தீபலட்சுமி நிற்கவில்லை. ஆட்டோவில் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஓவியாவின் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். நான்காம் நாள் பிள்ளை வயிறு முட்டப் பால் குடித்தது. தாய் தேம்பித் தேம்பி அழுதாள்.

மரபணு சித்தர் இப்போது வேறு ஊரில், வேறு பெயரில் இருப்பதாகக் கேள்வி. தட்டு அதே தட்டு. வைரஸ் பாவம், நம் உடம்பு எதிர்க்கிறது, அதனால் மாறினால்தான் அதற்குப் பிழைப்பு. சித்தருக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள் காட்டுகிற எதிர்ப்பில் பாதியையாவது நம் மூளை காட்டக் கூடாதா?