பினாங்குக்குத் தகுந்த சண்டை

மக்கள் பணி செய்கிறவன் நாலு இடம் போய்ப் பார்த்து வர வேண்டும் என்பதில் பேரூராட்சித் தலைவர் ராசப்பனுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இருந்த அவருடைய ஊரிலிருந்து, பதவிக்கு வந்த பின் அவர் பார்த்து வந்த தூரம் கரூரைத் தாண்டவில்லை. இதற்கிடையில் பக்கத்து ஊர்த் தலைவர், குப்பை மேலாண்மை கற்கிறேன் என்று பாலித் தீவுக்குப் போய், கடற்கரையில் கறுப்புக் கண்ணாடியோடு நின்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். அன்றிலிருந்து ராசப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"பினாங்குத் தீவுக்கு ஒரு கோப்பு போடு சாமி," என்றார் இளநிலை உதவியாளர் தனப்பிரியாவிடம். "மலாய்க்காரங்க, சீனாக்காரங்க, நம்மாளுங்க எல்லாம் அங்க ஒண்ணா இருக்கறாங்களாம். மலை மேல ரயில் போவுதாம். சும்மா ஒரு மூணு நாளு."

தனப்பிரியா கோப்பில் கைதேர்ந்தவள். சுற்றிப் பார்க்க என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. ஆகவே, "பன்மொழி, பல்சமய மக்களிடையே நிலவும் நல்லிணக்கத்தை நேரில் கண்டறிந்து ஈண்டு நடைமுறைப்படுத்தும் பொருட்டு" என்று எழுதினாள். மலை ரயில் 'உயர்மட்ட ஆய்வு' ஆயிற்று. கடலோரக் கடையில் நண்டு தின்பது 'களப்பணி' ஆயிற்று.

மேல் அலுவலகம் கேட்டது: "தங்கள் ஊரில் பல மொழி பேசுவோர் உளரா? இல்லையெனில் இதைக் கற்று யாது பயன்?"

இருந்தார்கள். தறி ஓட்டுகிறவர்கள் வீட்டில் கன்னடமும் தெலுங்கும், பள்ளிவாசல் தெருவில் உருது, போர்வெல் வண்டிகளில் வேலை பார்த்த வடக்கத்திப் பையன்களிடம் இந்தியும் ஒடியாவும், மற்றவர்களிடம் தமிழ். "உளர்" என்று பதில் போயிற்று.

உடனே அடுத்த கேள்வி வந்தது: "அவர்களிடையே பிணக்கு உண்டா? ஒற்றுமையாக இருப்பின், இருப்பதையே கற்கப் பயணம் ஏன்? பிணக்கு உண்டெனில் காவல் நிலையச் சான்று இணைக்கவும்."

ராசப்பன் ஆடிப்போனார். "நம்மூர்ல சண்டையே இல்லியா சாமி?"

"போன மாசம் ஒண்ணு வந்துச்சுங்க. ஆனா அது அண்ணன் தம்பி வரப்புச் சண்டைங்க. ரெண்டு பேரும் ஒரே மொழி. செல்லாதுங்க."

சாயங்காலமே ராசப்பன் குருமூர்த்தியின் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். குருமூர்த்தி கன்னடம் பேசும் தறிக்காரக் குடும்பம்.

"ஏம்ப்பா, இந்த வண்டிக்காரப் பசங்க உன்ற கடையில உக்காந்து இந்தியிலயே பேசறானுங்களே, உனக்குக் கோவமே வராதா?"

"எதுக்குங்க கோவம்? டீ கேக்கறப்ப அவனுங்க தமிழ்ல கேக்கறானுங்க. காசு கேக்கறப்ப நான் இந்தியில கேக்கறேன்."

ராசப்பன் பக்கத்தில் இருந்த பள்ளிவாசல் தெரு பாய் பக்கம் திரும்பினார். "பாய், உங்களுக்காச்சும் ஏதாவது மனக்குறை?"

பாய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "தலைவருக்கு உடம்பு சரியில்லீங்களா? மோர் வாங்கியாரட்டுங்களா?"

மனம் நொந்த ராசப்பன் உண்மையைக் கொட்டிவிட்டார். "உங்களுக்காவத்தானே பாடுபடறேன்! மொழிக்கு ஒருத்தரப் பினாங்குக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன்."

குருமூர்த்தி டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"கன்னடத்துக்கு நான் வாரேனுங்க."

"நீ எப்பிடி?" என்று அவருடைய பங்காளி ஈஸ்வர் எழுந்தான். "உன்ற அம்மா தெலுங்கு. நீ அரைக் கன்னடம்தான். போனா பாதித் தூரம்தான் போவோணும்."

வடக்கத்தி மொழிகளுக்கு ஒரு சீட்டுப் போதும் என்று யாரோ சொல்லப்போக, ஒடியாவையும் இந்தியையும் ஒரே சீட்டில் உட்கார வைப்பது அநியாயம் என்று வண்டிக்காரப் பையன்கள் தூய தமிழில் கத்தினார்கள். மோர் வாங்கித் தருவதாகச் சொன்ன பாய், ஊருக்குள் தன்னை விடச் சுத்தமாக உருது பேசுகிறவன் யார் என்று சட்டைக் கையை மடக்கினார். தமிழுக்குத்தான் பலத்த அடி. அந்த ஒரு சீட்டுக்கு ஊரில் பாதிப் பேர் நின்றார்கள். பெஞ்சு பறந்தது. ஒரு டீ கிளாஸ் தலைவரின் நெற்றியில் வந்து உடைந்தது. ரத்தம் வழிய வழிய, "போதும், போதும், சான்றுக்கு இது தாராளம்!" என்று ராசப்பன் கூவியது யார் காதிலும் விழவில்லை.

காவல் நிலையம் மனநிறைவோடு சான்று கொடுத்தது. ஆணையும் வந்தது. தனப்பிரியா வாசித்தாள்:

"தங்கள் ஊரில் நிலவும் கடும் பிணக்கைக் கருதி, பினாங்குப் பயணத்துக்கு அனுமதி அளிக்கப்படுகிறது. பதற்றம் நிலவுவதால் தலைவர் ஊரை விட்டு நீங்கலாகாது. ஆகவே தங்கள் சார்பில் மேல் அலுவலக அதிகாரிகள் குடும்பத்துடன் சென்று நல்லிணக்கம் கற்று வருவர்."

கற்று வந்தார்கள். மலை ரயிலில் கற்றார்கள், கடற்கரையில் கற்றார்கள், நண்டைக் கையில் பிடித்துக்கொண்டும் கற்றார்கள். ராசப்பன் தலையில் கட்டோடு ஒவ்வொரு ஸ்டேட்டஸுக்கும் முறைப்படி கைகூப்பிப் பதில் போட்டார்.

அதற்கடுத்த வாரம் ஒரு வேன் நிறையப் பேரூராட்சித் தலைவர்கள் வந்து இறங்கினார்கள்.

"நாங்களும் ஒரு தீவுக்குக் கோப்பு போட்டிருக்கறமுங்க," என்றார் ஒருவர் பரிதாபமாக. "எங்கூர்ல என்ன சொல்லியும் ஒருத்தனும் அடிச்சுக்க மாட்டேங்கறான். உங்கூர்ல எப்பிடிப் பண்ணுனீங்கன்னு பாத்துக் கத்துக்கிட்டுப் போலாம்னு வந்தோம்."

ராசப்பனுக்கு நெஞ்சு விம்மியது. தான் போகாவிட்டால் என்ன, தன் ஊரைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறார்களே! அதற்குள் சமாதானமாகி, ஒன்றாக டீ குடித்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்களைக் கூப்பிட்டார்.

"வந்தவங்களுக்கு அந்தச் சண்டைய ஒருக்காப் போட்டுக் காட்டுங்கப்பா."

விருந்தாளி கேட்டால் இல்லை என்று சொல்கிற ஊர் இல்லை அது. எல்லோரும் சந்தோஷமாக வந்து நின்றார்கள். வேனில் வந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

ஆனால் முதல் அடியை எந்த மொழிக்காரர் அடிப்பது என்பதில் கடைசி வரை உடன்பாடு ஏற்படாததால் சண்டை நடக்கவில்லை. உடன்பாட்டுக்காக நடந்த அடிதடியை மட்டும் படம் பிடித்துக்கொண்டு அவர்கள் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.